சித்தாள் ஏன் கொத்தனார் ஆவதில்லை? ஆண்–பெண் ஊதிய இடைவெளி: ஓர் எளிய அறிமுகம்

தமிழ்நாட்டில் எந்த ஊரில் வீடு கட்டும் இடத்துக்குப் போனாலும் மூன்று பெயர்கள் காதில் விழும்: கொத்தனார், பெரியாள், சித்தாள். கரண்டி பிடித்துக் கல் வைப்பவர், பூசுபவர் கொத்தனார். மண் வெட்டி, கலவை போட்டு, மூட்டை தூக்கும் ஆண் பெரியாள். கல்லும் கலவையும் சுமந்து கொடுக்கும் பெண் சித்தாள். கூலியும் இதே வரிசையில்தான் இறங்கும். ஒரு செங்கல் ஏறத்தாழ 3 கிலோ. சும்மாட்டின் மேல் 10 கல் அடுக்கினால் 30 கிலோ. அந்தச் சுமையோடு நாள் முழுவதும் சாரத்தில் ஏறி இறங்குபவருக்குத்தான் அந்த இடத்திலேயே குறைந்த கூலி.

“ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலியா?” என்று மேஸ்திரியைக் கேட்டுப் பாருங்கள். இல்லை என்பார். கொத்தனாருக்கு உள்ளது கொத்தனாருக்கு, சித்தாளுக்கு உள்ளது சித்தாளுக்கு. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் சித்தாளாக இருந்து கலவையின் பதமும் கட்டின் நேர்த்தியும் நன்றாகத் தெரிந்த பெண் சித்தாளாகவே ஓய்கிறார். கையாளாகச் சேர்ந்த பையன் சில ஆண்டுகளில் கொத்தனாராகிவிடுகிறான். இந்த வேலையை யாரும் பள்ளிக்கூடத்தில் படித்து வருவதில்லை. கொத்தனார் டீ குடிக்கப் போகும்போது இரண்டு வரி கல் வைத்துப் பார்ப்பது, தூக்குக்குண்டு பிடிப்பது, ரசமட்டம் பார்ப்பது, பிறகு உள்சுவரில் கொஞ்சம் பூசிப் பழகுவது என்று கற்பதுதான் வழக்கம். அந்தச் சின்னச் சின்ன வாய்ப்புகள் பையனுக்குக் கிடைக்கின்றன. பெண்ணை அந்த நேரத்தில் தண்ணீர் கொண்டுவரவும் கல் அடுக்கவும் அனுப்பிவிடுகிறார்கள்.

ஊதிய இடைவெளியின் பெரும்பகுதி சம்பளச் சீட்டில் எழுதப்படுவதற்கு முன்பே உருவாகிவிடுகிறது. வேலையைப் பங்கிடும்போது, அதற்குப் பெயர் வைக்கும்போது, உழைத்த நேரத்தை எண்ணும்போது அது நுழைகிறது. அதனால்தான் சம்பளச் சீட்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

இரண்டு வேறு கேள்விகள்

பேச்சில் அடிக்கடி கலந்துபோகும் இரண்டு சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம்.

“சம வேலைக்குச் சம ஊதியம்” என்பது சட்டக் கேள்வி. ஒரே முதலாளியிடம் ஒரே மாதிரியான வேலை செய்யும் ஆணும் பெண்ணும் ஒரே விகிதத்தில் ஊதியம் பெறுகிறார்களா? இல்லையென்றால் அது சட்ட மீறல்.

“ஊதிய இடைவெளி” என்பது புள்ளிவிவரக் கேள்வி. ஒரு நிறுவனத்திலோ தொழிலிலோ நாட்டிலோ உள்ள எல்லாப் பெண்களின் ஊதியத்தையும் எல்லா ஆண்களின் ஊதியத்தோடும் ஒப்பிட்டால் எவ்வளவு குறைகிறது? கணக்கு எளிது: ஆண்களின் ஊதியத்திலிருந்து பெண்களின் ஊதியத்தைக் கழித்து, மீதியை ஆண்களின் ஊதியத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும்.

முதல் கேள்விக்கு “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று விடை வந்தாலும் இரண்டாவதில் பெரிய எண் வரலாம். ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இரண்டே படிநிலைகள். கீழ்ப்படியில் மாதம் ரூ.25,000, மேல்படியில் ரூ.60,000. எவருக்கும் ஒரு ரூபாய் கூடுதல் குறைவு இல்லை. ஆண்கள் 60 பேரில் 30 பேர் கீழே, 30 பேர் மேலே. பெண்கள் 40 பேரில் 34 பேர் கீழே, 6 பேர் மேலே. ஆண்களின் சராசரி ரூ.42,500. பெண்களின் சராசரி ரூ.30,250. இடைவெளி 28.8 விழுக்காடு. “எங்கள் நிறுவனத்தில் பாகுபாடே கிடையாது” என்று மனிதவளத் துறை சொல்வதும் உண்மை, 28.8 விழுக்காடும் உண்மை. இந்த எண் கேட்கும் கேள்வி வேறு: மேல்படிக்குப் போகும் ஏணி எங்கே இருக்கிறது, அதில் ஏற யாருக்கு முடிகிறது?

எதை வகுக்கிறோம் என்பதில்தான் வம்பு

ஊதிய இடைவெளி பற்றிய சண்டைகளில் பாதி, ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவுகோலை வைத்துப் பேசுவதால் வருவது.

முதல் வேறுபாடு சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் இடையில். ஐந்து பெண்களின் மாதச் சம்பளம் 12, 14, 15, 16, 18 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்களுக்கு 14, 16, 18, 20, 100 ஆயிரம். சராசரியைப் பார்த்தால் பெண்களுக்கு 15 ஆயிரம், ஆண்களுக்கு 33.6 ஆயிரம், இடைவெளி 55 விழுக்காடு. வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரை மட்டும் பார்த்தால் 15-க்கு 18, இடைவெளி 17 விழுக்காடுதான். நடுவில் நிற்பவரின் ஊதியமே இடைநிலை அளவு. உச்சியில் இருக்கும் ஒருவரின் பெரிய சம்பளம் சராசரியை இழுத்துவிடும், இடைநிலை அளவை அசைக்காது. சாதாரண ஊழியரின் நிலைமையை அறிய இடைநிலை அளவு நல்லது. மேலிடத்தில் யார் இருக்கிறார்கள் என்று அறியச் சராசரி நல்லது. இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது வேறுபாடு மாதக் கணக்கும் மணிக் கணக்கும். இது இன்னும் முக்கியமானது. ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் மணிக்கு ரூ.70 என்று ஒரே விகிதம். இருவரும் மாதம் 26 நாள் வேலை செய்கிறார்கள். பெண் 8 மணி நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போகிறார். ஆண் தினமும் கூடுதலாக 2 மணி நேரம் நின்று, சட்டப்படி இரட்டிப்பு விகிதத்தில் மிகைநேரக் கூலி வாங்குகிறார். பெண்ணுக்கு ரூ.14,560. ஆணுக்கு 14,560-உடன் 52 மணி நேரத்துக்கு ரூ.140 வீதம் 7,280 சேர்ந்து ரூ.21,840. மாத வருமானத்தில் இடைவெளி 33.3 விழுக்காடு. மொத்த வருமானத்தை வேலை செய்த மணிகளால் வகுத்தால் ஆணுக்கு ரூ.84, பெண்ணுக்கு ரூ.70, இடைவெளி 16.7 விழுக்காடு. அடிப்படை விகிதத்தில் இடைவெளி சுழி. மூன்றும் சரியான விடைகள்.

முதலாளி மூன்றாவதைக் காட்டுவார், தொழிற்சங்கம் முதலாவதைக் காட்டும். விஷயம் தெரிந்தவர் கேட்க வேண்டியது, அந்த 2 மணி நேரம் ஆணால் நிற்க முடிகிறது, பெண்ணால் ஏன் முடியவில்லை என்பதைத்தான். 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு விடை தருகிறது. சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். அப்படி வேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். அதிலும் அந்த வேலையைச் செய்கிற ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான், பெண்களோ 81 பேர். ஆண் தொழிற்சாலையில் நிற்கும் அந்த 2 மணி நேரத்தில் அவர் வீட்டில் உலை வைப்பது யார் என்று பார்த்தால் கணக்கு முழுமையடையும்.

ஒவ்வொரு தொழிலிலும் அது எங்கே ஒளிந்திருக்கிறது

வயலில் வேலையின் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. நடவும் களையெடுப்பும் பெண்களுடையவை. உழவு, அண்டை வெட்டுதல், மருந்தடிப்பு ஆண்களுடையவை. கூலி வேலைக்குத்தான், ஆளுக்கு அல்ல என்பார்கள். ஆனால் நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நிற்கும் வேலையை ‘இலேசான வேலை’ என்று வகைப்படுத்தியது யார்? இயந்திரம் வந்தபோது இன்னொன்று நடந்தது. நடவு இயந்திரமும் களைக்கொல்லியும் அறுவடை இயந்திரமும் பெண்களின் வேலை நாட்களைத்தான் அதிகம் தின்றன. இயந்திரத்தை ஓட்டும் வேலை, அதற்கான கூடுதல் கூலியோடு, ஆண்களிடம் போனது. இதற்கு நேர் எதிரான சான்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்த நூறு நாள் வேலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம், வேலை வீட்டுக்கு அருகில். தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெண்களுடையவை. வெளியே ஆண்களுக்கு அதைவிடக் கூடுதல் கூலி கிடைத்ததும் பெண்களுக்கு அப்படிக் கிடைக்காததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அது தளத்தின் அமைப்பில் இருக்கிறது. கட்டிங் மேசையிலும் அயர்ன் மேசையிலும் பெரும்பாலும் ஆண்கள். செக்கிங், பிசிர் வெட்டுதல், கைமடிப்பு ஆகியவற்றில் பெண்கள். தையலில் இருவரும் உண்டு. ஆனால் பீஸ் ரேட்டுக்கு ஒப்பந்தம் எடுத்து இரவு வரை ஓட்டும் ‘பவர் டேபிள்’ தையல் பிரிவுகளில் நேரத்தைத் தாராளமாகக் கொடுக்க முடிந்தவருக்கே வருமானம் ஏறுகிறது. ஒன்றரை ஷிப்ட் நிற்கும் பேச்சு அங்கே அன்றாடம். மேலே போட்ட மிகைநேரக் கணக்கு அப்படியே இங்கே பொருந்தும். செக்கிங் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம், அளவுப் பிழை என்று ஒவ்வொரு துணியையும் சில நொடிகளில் புரட்டிப் பார்த்துக் குறையைப் பிடிக்கும் கண் பயிற்சியால் வருவது. ஒரு பெட்டி தப்பினால் ஏற்றுமதி ஆர்டரே திரும்பி வரும். அந்தத் திறமை ‘ஹெல்பர்’ வகையில் அடைபட்டுக் கிடக்கிறது.

இந்தியாவின் அமைப்புசார் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019–20-ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு காட்டியது. பெருமைப்பட வேண்டிய எண்தான். அதே மாநிலத்தின் நூற்பாலைகளில்தான் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, கூலியின் ஒரு பகுதியைப் பிடித்து, முடிவில் திருமணச் செலவுக்கென்று மொத்தத் தொகையாகத் தரும் முறை வேரூன்றியிருந்தது. இடையில் உடல்நலம் கெட்டு வீடு திரும்பியவர்கள் அந்தத் தொகையையே இழந்தார்கள். உழைத்த மாதத்தின் கூலியை அந்த மாதமே கொடுக்காமல் ‘சீர்’ என்று பெயர் மாற்றியதால், அது உரிமை என்ற நிலையிலிருந்து தயவு என்ற நிலைக்கு இறங்கியது.

தேயிலைத் தோட்டத்தில் விகிதம் சமமாகியும் நாள் சமமாகவில்லை. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் 1984-இல் ஆண், பெண் நாள் கூலி சமமாக்கப்பட்டது. ஆனால் ஆண்களின் கவ்வாத்து (செடியை வெட்டிவிடுதல்), மருந்தடிப்பு போன்ற வேலைகளுக்குக் குறிப்பிட்ட அளவு நிர்ணயம் உண்டு. அதை முடித்தால் மதியத்துக்குப் பிறகு வீடு போகலாம். கொழுந்து பறிக்கும் பெண்கள் மாலை நிறுவை வரை மலையில் நிற்க வேண்டும். எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலிதான். ஒரே கூலியை மணிகளால் வகுத்தால் அங்கேயே இடைவெளி தெரிந்துவிடும். 2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறில் தமிழ்ப் பெண் தேயிலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தது போனஸுக்காக. 20 விழுக்காடு கேட்டார்கள், போராடிப் பெற்றார்கள். ஆண்கள் தலைமையிலான தொழிற்சங்கங்களை அவர்கள் விலக்கி வைத்ததை உற்றுப் பார்க்க வேண்டும். கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள், அவர்கள் சார்பில் கூலி பேசுபவர்கள் ஆண்கள் என்றால், பேச்சுவார்த்தை மேசையில் எந்த வேலையின் கஷ்டம் எடைபோடப்படும்? ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் திரண்ட அவர்கள் எழுப்பிய கேள்வி அதுதான்.

அங்கன்வாடியில் அது ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குத் தரப்படுவது ‘மதிப்பூதியம்’. சம்பளம் என்ற பெயர் இல்லாததால் ஊதியக் குழு, படிநிலை, பதவி உயர்வு எல்லாமே தள்ளிப்போகின்றன. 2022-இல் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தபோது, அவர்கள் பெறுவது சட்டத்தின் பார்வையில் ஊதியமே என்றும் சொன்னது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் சமைப்பதும் பெண்ணுக்கு இயல்பாக வருவது, அதற்கு என்ன திறமை வேண்டும் என்ற எண்ணம்தான் இந்த வேலைகள் உலகம் முழுவதும் மலிவாக இருப்பதற்கு வேர்.

விளையாட்டிலிருந்து ஒரு சின்ன எடுத்துக்காட்டு, விகிதத்துக்கும் வருமானத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். 2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆண், பெண் அணிகளுக்கு ஒரே போட்டிக் கட்டணத்தை அறிவித்தது: டெஸ்டுக்கு ரூ.15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு ரூ.6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு ரூ.3 லட்சம். நல்ல முடிவு. ஆனால் பெண்கள் அணிக்குக் கிடைக்கும் டெஸ்டுகளோ மிகச் சில. மேலும் 2022–23 ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சப் பிரிவுக்கு ரூ.7 கோடி, பெண்களின் உச்சப் பிரிவுக்கு ரூ.50 லட்சம்.

அலுவலக வேலைகளில்: சேரும்போது சமம், பிறகு?

தகவல் தொழில்நுட்பம், வங்கி, ஆலோசனை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் பெரும்பாலும் ஒன்றே. இடைவெளி பிறகு வளர்கிறது. அது வளரும் விதத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஒருவர் ஆண்டுக்கு ரூ.4,00,000-க்குச் சேர்கிறார், இன்னொருவர் ரூ.3,60,000-க்கு. இடைவெளி 10 விழுக்காடு. இருவருக்கும் ஆண்டுதோறும் அதே 10 விழுக்காடு உயர்வு. பத்து ஆண்டில் முதலாமவர் ஏறத்தாழ ரூ.10,37,500, இரண்டாமவர் ரூ.9,33,700. விழுக்காடு மாறவில்லை, ஆனால் ரூ.40,000 வித்தியாசம் ரூ.1,03,800 ஆகிவிட்டது. இனி, இரண்டாமவர் பெண் என்றும், அவர் மகப்பேறு விடுப்பு எடுத்த ஓர் ஆண்டில் ‘மதிப்பீட்டுக் காலத்தில் போதிய நாள் பணியில் இல்லை’ என்று உயர்வு தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஓர் ஆண்டு. பத்தாவது ஆண்டில் அவர் சம்பளம் ரூ.8,48,900. இடைவெளி 18.2 விழுக்காடு. அடுத்த நிறுவனத்துக்கு மாறும்போது “கடைசியாக வாங்கிய சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டு அதன் மேல் 30 விழுக்காடு சேர்த்துத் தருவார்கள். பழைய இடத்தின் குறை புதிய இடத்துக்கு அப்படியே குடிபெயரும். இதைத் தடுக்க எளிய வழி, வேலைக்கு ஓர் ஊதிய வரம்பை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டுப் பழைய சம்பளத்தைக் கேட்காமலிருப்பது.

குழந்தை பிறப்புக்குப் பின் பாதைகள் பிரிவதை டென்மார்க்கின் தரவுகள் துல்லியமாகக் காட்டின. முதல் குழந்தை வரை ஆண், பெண் வருமானம் இணையாகப் போகிறது. பிறகு பெண்ணின் வருமானம் சரிந்து, நெடுங்காலத்துக்குப் பின்னும் ஆணைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாகவே நிற்கிறது. தந்தையின் வருமானத்தில் அசைவே இல்லை.

பெண்களின் வேலைவாய்ப்பு வரலாற்றை ஆராய்ந்து 2023-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். சில வேலைகள் ‘பேராசை பிடித்தவை’. எப்போது அழைத்தாலும் வருபவருக்கு மணிக்கான ஊதியமே பல மடங்கு ஏறும். வீட்டில் ஒருவர் அப்படி ஓடினால் இன்னொருவர் வீட்டோடு இருக்கும் வேலையைத் தேட வேண்டியதாகிறது. அந்த இன்னொருவர் பெரும்பாலும் பெண். ஆனால் இது மாற்ற முடியாத விதி இல்லை என்பதற்கும் அவரே சான்று காட்டுகிறார்: அமெரிக்க மருந்தாளுநர் தொழில். மருந்துகள் தரப்படுத்தப்பட்டன, நோயாளியின் விவரங்கள் கணினிக்கு வந்தன, சொந்தக் கடைகளின் இடத்தைப் பெரிய கடைகளும் மருத்துவமனைகளும் பிடித்தன. ஒரு மருந்தாளுநர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர முடிந்தது. குறைந்த மணி நேரம் வேலை செய்தாலும் மணிக்கான ஊதியம் சரியவில்லை, அந்தத் தொழிலில் ஆண்–பெண் இடைவெளி மிகவும் சுருங்கியது. பெண்களுக்கென்று எந்தச் சலுகையும் தராமல், வேலையின் அமைப்பை மாற்றியதால் வந்த பலன் இது.

மகப்பேறு விடுப்பு பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். 2017-இல் இந்தியச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது. விடுப்புக்காலச் சம்பளத்தை முதலாளியே ஏற்க வேண்டும் என்பதால் சிறு நிறுவனங்கள் பெண்களை எடுக்கத் தயங்குகின்றன, இது உண்மையான சிக்கல். ஆனால் மாதம் ரூ.21,000 வரை ஊதியம் வாங்கி ஈஎஸ்ஐ என்னும் அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் உள்ள தொழிலாளிக்கு மகப்பேறு காலப் பணத்தைத் தருவது ஈஎஸ்ஐ, முதலாளி அல்ல. ஆகவே பெரும்பாலான தொழிற்சாலைகளில் “பெண்ணை எடுத்தால் ஆறு மாதச் சம்பளம் நஷ்டம்” என்ற வாதம் நிற்காது.

சட்டம் எதுவரை எட்டும்

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசியலமைப்பின் 39(ஈ) பிரிவு அரசின் வழிகாட்டு நெறியாகச் சொல்கிறது. 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. அதன் இடத்தை 2019-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டது. இதன் 3-ஆம் பிரிவு ஒரே முதலாளியின் நிறுவனத்தில் ‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை’ செய்பவர்களிடையே பாலின அடிப்படையில் ஊதியத்தில் பாகுபாடு கூடாது என்கிறது. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகிய நான்கையும் வைத்து ஒப்புமை பார்க்கப்படும். சமமாக்குகிறேன் என்று சொல்லி யாருடைய ஊதியத்தையும் குறைக்கவும் கூடாது.

1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மெக்கினன் மெக்கன்சி வழக்கு இன்றும் படிக்கத் தகுந்தது. பெண் சுருக்கெழுத்தர்களுக்கு ஆண் சுருக்கெழுத்தர்களைவிடக் குறைந்த ஊதியம். தொழிற்சங்கத்தோடு போட்ட உடன்பாட்டின்படிதான் தருகிறோம் என்றது நிறுவனம், நிதிநிலை இடம் தரவில்லை என்றும் சொன்னது. இரண்டையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. உடன்பாடு சட்டத்தை மீற முடியாது, பணமில்லை என்பது சாக்காகாது.

ஆனால் சித்தாள் கதையை இந்தச் சட்டம் தொடுவதில்லை. கல் சுமப்பதும் கல் வைப்பதும் ‘ஒத்த வேலை’ ஆகாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டு 100-ஆம் உடன்படிக்கை ஒரு படி மேலே போய் ‘சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்’ என்கிறது. இந்தியா 1958-இலேயே அதை ஏற்றது, ஆனால் உள்நாட்டுச் சட்டம் இன்னும் ‘ஒத்த வேலை’யோடு நிற்கிறது. இந்த ஒரு சொல் வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. 1968-இல் டகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறைகளைத் தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் தையலைத் திறன் குறைந்த ‘பி’ தரத்தில் வைத்ததே அவர்களின் குறை. அதிலும் ஆண்களின் விகிதத்தில் 85 விழுக்காடுதான் கிடைத்தது. மூன்று வாரங்களில் விகிதம் 92 விழுக்காடானது, 1970-இல் சம ஊதியச் சட்டமும் வந்தது. ஆனால் அவர்கள் முதலில் கேட்ட ‘சி’ தரம் கிடைக்க 1984 வரை, இன்னொரு வேலைநிறுத்தம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கூலியை உயர்த்துவதைவிட, வேலைக்கு வைத்த பெயரை மாற்றுவது அவ்வளவு கடினம். பர்மிங்ஹாம் மாநகராட்சி குப்பை அள்ளுதல் போன்ற ஆண்கள் மிகுந்த வேலைகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்து, சமையல், துப்புரவு, பராமரிப்புப் பெண்களுக்குக் கொடுக்காமல் விட்டது. அந்தப் பெண்களின் சம ஊதியக் கோரிக்கைகளால் வந்த நிலுவைச் சுமை, 2023-இல் அந்த மாநகராட்சி புதிய செலவுகளை முடக்கியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றானது.

உங்கள் இடத்தில் கணக்கிடுவது எப்படி

சிறிய நிறுவனமாக இருந்தால் ஒரு விரிதாள் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பாலினம், துறை, படிநிலை, சேர்ந்த ஆண்டு, கடைசிப் பதவி உயர்வு ஆண்டு, அடிப்படை ஊதியம், படிகள், ஊக்கத்தொகை, மிகைநேரக் கூலி, உண்மையில் வேலை செய்த மணிகள். ஒரே மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். தீபாவளி போனஸ் வந்த மாதமாக அது இருக்கக் கூடாது. முதலில் மணிக்கான ஊதியத்தைக் கண்டுபிடித்து, சராசரி, இடைநிலை அளவு இரண்டிலும் இடைவெளி பாருங்கள். அடுத்து எல்லாரையும் ஊதிய வரிசையில் நிறுத்தி நான்கு சம பங்காக்கி, ஒவ்வொரு கால் பங்கிலும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிரிட்டனில் 2017 முதல் 250 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள் இந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதில் மிகவும் பயனுள்ள பகுதி இந்தக் கால் பங்குப் பட்டியல்தான், ஏணி எந்தப் படியில் உடைந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். பிறகு ஒரே படிநிலைக்குள் ஒப்பிடுங்கள், ஊக்கத்தொகையைத் தனியாகப் பாருங்கள். கடைசியாக, சேர்ந்ததிலிருந்து முதல் பதவி உயர்வு வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் எத்தனை ஆண்டுகள் ஆனது என்று பாருங்கள்.

இதில் ஏமாறும் இடங்கள் சில உண்டு. துப்புரவையும் கேண்டீனையும் ஒப்பந்ததாரரிடம் விட்டுவிட்டால் குறைந்த ஊதியப் பெண்கள் பட்டியலிலிருந்தே மறைந்து, இடைவெளி திடீரெனச் சுருங்கும். யாருடைய கூலியும் உயர்ந்திருக்காது. சிமெண்ட், சுரங்கம் போன்ற தொழில்களில் பெண்கள் அலுவலகப் பணிகளில் மட்டும் இருந்தால் அவர்களின் சராசரி ஆண்களைவிடக் கூடுதலாகக்கூட வரும். அதற்குப் பொருள் சமத்துவம் வந்துவிட்டது என்பதல்ல, தளத்துக்குள் பெண்களை விடவில்லை என்பது. ஐந்தாறு பெண்கள் மட்டுமே உள்ள துறையில் ஒருவர் விலகினாலே எண் குதிக்கும். அங்கே விழுக்காட்டை நம்பாமல் ஆள் ஆளாகப் பார்க்க வேண்டும்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனம் என்றால் வெளியிலிருந்தே ஓரளவு பார்க்கலாம். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் ஆண்டறிக்கையோடு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி வகுத்த வணிகப் பொறுப்பு, நீடித்த வளர்ச்சி அறிக்கையையும் வெளியிட வேண்டும். அதில் ஐந்தாவது கோட்பாட்டின் கீழ் இயக்குநர்கள், முதன்மை நிர்வாகிகள், ஊழியர்கள், தொழிலாளர்கள் என நான்கு வகையிலும் ஆண், பெண் எண்ணிக்கையும் இடைநிலை ஊதியமும் தனித்தனியே இருக்கும். கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஊழியர், தொழிலாளர் வரிகளில் இடைவெளியைப் போட்டுப் பாருங்கள்.

குறை இருப்பதாகத் தெரிந்தால்

முதல் தடை, சக ஊழியரின் சம்பளம் தெரியாமலிருப்பது. அமெரிக்காவின் அலபாமாவில் டயர் ஆலையொன்றில் மேற்பார்வையாளராக 19 ஆண்டுகள் வேலை பார்த்த லில்லி லெட்பெட்டருக்கு, தன் பணிக்காலத்தின் கடைசியில் யாரோ பெயரில்லாமல் வைத்த ஒரு துண்டுச்சீட்டு மூலம்தான் விவரம் தெரிந்தது. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே வேலையில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர். 2007-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் காலம் தாழ்த்தி வந்ததாகச் சொல்லி வழக்கைத் தள்ளியது. 2009-இல் அவர் பெயரிலேயே சட்டம் திருத்தப்பட்டது, ஆனால் அவருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை.

இந்தியாவின் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி கோரிக்கைக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. தொழிலாளி தானே மனுக் கொடுக்கலாம், அல்லது பதிவு பெற்ற தொழிற்சங்கம் கொடுக்கலாம். பலர் சேர்ந்து ஒரே மனுவாகவும் தரலாம், தனியாக மாட்டிக்கொள்ள அஞ்சுபவர்களுக்கு இது பெரிய துணை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. நிலுவையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க முடியும்.

மனுவில் வலுச்சேர்ப்பது பதவியின் பெயரைவிட வேலையின் விவரம். ஒரு வாரம் நீங்கள் செய்ததையும், ஒப்பிடும் ஆண் செய்ததையும் நாள்வாரியாக எழுதிவையுங்கள்: எந்த இயந்திரம், எத்தனை பீஸ், யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், மேற்பார்வையாளர் இல்லாதபோது யார் பொறுப்பு, பிழை வந்தால் யாரைக் கேட்டார்கள். திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகிய நான்கு தலைப்புகளில் அதைப் பிரியுங்கள். ஊதியச் சீட்டு தருவது சட்டப்படி முதலாளியின் கடமை, மாதாமாதம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வரும் வேலை உத்தரவுகளும் சான்றாகும், அழிக்காதீர்கள். ‘ஹெல்பர்’ என்று அட்டையில் இருந்துகொண்டு மெஷினில் உட்கார்ந்து தைத்த ஒவ்வொரு நாளையும் தேதியோடு குறித்து வைத்தவரின் மனுவைத் தள்ளிவிடுவது எளிதல்ல.